காய்ச்சலுக்குப் பாமசியில் வெட்டிக் கட்டித் தரும் குளிசையை வாங்காதீர்கள்

மட்டக்களப்பில் மாரிமழை தொடங்கினால் வீட்டுக்கு ஒருவராவது காய்ச்சலில் படுப்பார். போன மார்கழியில் எங்கள் வீட்டில் அம்மா. கண்ணுக்குப் பின்னால் குத்து, உடம்பெல்லாம் உளைவு. மழைக்குள் அவவைக் கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி ஓ.பி.டி. வரிசையில் நிற்க மனமில்லாமல் நான் மட்டும் ஒரு பாமசிக்குப் போனேன்.

கவுண்டரில் நின்ற தம்பி கேட்டது இரண்டே கேள்வி: எத்தனை வயது, சத்தி இருக்கா. அப்புறம் நாலு பெட்டியில் இருந்து மட்டைகளை எடுத்து, கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி, சின்னப் பொலித்தீன் பையில் போட்டுத் தந்தார். "மூன்று நேரமும் ஒவ்வொன்று குடுங்க அக்கா, ரெண்டு நாளில் சுகம்." 480 ரூபாய். பில் இல்லை, பையில் ஓர் எழுத்தும் இல்லை.

சொன்ன மாதிரியே காய்ச்சல் விட்டது, உளைவும் குறைந்தது. நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம். நான்காம் நாள் விடிய வயிற்று நோ, பல் ஈறில் இரத்தம், மலம் தார் போலக் கறுப்பு. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டெங்கு. இரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் 150,000க்கு மேல் இருக்க வேண்டும்; அம்மாவுக்கு 38,000.

"என்ன குளிசை குடிச்சவ?" என்று டொக்டர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மிஞ்சிய பையை நீட்டினேன். ஒவ்வொரு துண்டாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்தரி போன இடத்தில் பெயர் போயிருந்தது. ஒன்றின் பின்பக்கத்தில் தப்பியிருந்த நாலைந்து எழுத்தை வைத்து டைக்ளோபெனாக் என்று பிடித்தார். நோவுக்குரிய மருந்து. டெங்கு நேரத்தில் வயிற்றைப் புண்ணாக்கி இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். இபுப்ரோபன், மெபனமிக் அசிட், அஸ்பிரினும் அப்படித்தான். அந்தப் பையில் இருந்த மற்றவை என்னவென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

டெங்கு இல்லை என்று தெரியும்வரை காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும்தான், அதுவும் உடம்பு நிறைக்கு ஏற்ற அளவில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. மூன்றாம் நாளும் காய்ச்சல் என்றால் இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம் என்று வார்ட்டில் மிஸ்ஸி (தாதி) சொல்லித்தான் அறிந்தேன். நாங்கள் நிம்மதியாக இருந்தது அந்த நேரத்தில்தான்.

அம்மா ஆறு நாள் வார்ட்டில் கிடந்து, கடவுள் புண்ணியத்தில் வீட்டுக்கு வந்துவிட்டா.

பிறகு அந்தக் கடைக்குப் போனேன். "எல்லாருக்கும் இதைத்தான் குடுக்கிறம்" என்றார்கள். அதைக் கேட்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. சுவரில் மருந்தாளரின் சான்றிதழ் தொங்குகிறது. அந்தப் பெயருக்குரியவர் எங்கே என்றால் பதில் இல்லை. எல்லாப் பாமசியும் இப்படியல்ல. என் தங்கை போன இடத்தில் ஒரு மருந்தாளர், "பிள்ளைக்கு மூன்று நாள் காய்ச்சல் என்றால் என்னிடம் மருந்து கேட்காதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அப்படி ஒருவர் கடையில் நிற்கிறாரா என்று பாருங்கள். மட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் திகதியும் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், அல்லது பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் காசைக் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.

பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அந்தப் பொலித்தீன் பையையும் கடிதத்தோடு சேர்த்தே கொடுத்தேன்.