‘முழு செற்’ எண்டு ஸ்ரூடியோச் சாமான் விற்பவரிடம் நான் இழந்த காசு

யாழ்ப்பாணத்தில் புதிதாக ஸ்ரூடியோ போட நினைக்கிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். அம்மாவின் சங்கிலியை ஈடு வைத்து, கழித்த சீட்டுக் காசையும் போட்டு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சின்ன அறை எடுத்துத் தொடங்கினேன். முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் விற்றவரின் பெயரை இங்கே போடவில்லை.

அவர் சொன்ன விலை 9 இலட்சத்து 80 ஆயிரம். கமரா, இரண்டு லென்ஸ், மூன்று 400 வாட் லைற், பின்னுக்குத் தொங்கவிடுகிற பேப்பர் ரோல், பிறின்ரர் எல்லாம் அதற்குள். “தங்கச்சி, நீங்கள் ஒண்டுக்கும் அலையத் தேவையில்லை, முழு செற்றும் நான் தாறன்” எண்டார். ஒவ்வொன்றின் விலையையும் தனித்தனியாக எழுதித் தரச்சொல்லிக் கேட்டேன். “செற்றா எடுத்தாத்தான் இந்த விலை, பிரிச்செழுத ஏலாது.” அந்த இடத்திலேயே எழும்பி வந்திருக்க வேணும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதிலிருந்து, எந்தச் சாமானுக்கு எது நியாய விலை என்று எங்களில் கனபேருக்குப் பிடிபடுவதில்லை. அதை இவர்கள் நன்றாகப் பாவிக்கிறார்கள்.

காசு கட்டுகிற நேரம் 18% வற் என்று இன்னும் 1 இலட்சத்து 76 ஆயிரத்து 400 ரூபாய் ஏறியது. தந்த பில்லில் வற் இலக்கமே இல்லை. வற் பதிவு இல்லாதவர் அந்த வரியை அறவிட முடியாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கமரா பாவித்தது, கனன் 5டி மார்க் 4. “இருபதாயிரம் கிளிக்கும் வராது” என்று ஒரு படம் எடுத்து, அதன் ஃபைல் இலக்கத்தைக் காட்டினார். நம்பினேன். அந்த இலக்கம் 9999 தாண்டினால் திரும்ப 0001இல் தொடங்கும், விரும்பினால் கையாலும் மாற்றலாம். கொக்குவிலில் பல வருடமாக ஸ்ரூடியோ நடத்துகிற அண்ணை ஒருவர் கமராவைக் கம்பியூட்டரில் கொழுவிப் பார்த்தார். 1 இலட்சத்து 38 ஆயிரம் கிளிக். அந்த மொடலின் ஷட்டருக்குக் கொம்பனி சொல்லும் ஆயுள் 1 இலட்சத்து 50 ஆயிரம் கிளிக்.

ஆனால் என்னை அழவைத்தது லைற்றுகள்தான். முதல் வேலை ஒரு சாமத்திய வீடு, கனடாவிலிருந்து வந்த குடும்பம். படத்துக்குப் படம் நிறம் மாறாமலிருக்க, கமராவின் வைற் பலன்ஸை 5600இல் பூட்டித்தான் எடுத்தேன். ஒரு படத்தில் பிள்ளையின் சேலை மாம்பழ மஞ்சள், அடுத்த படத்தில் அதே சேலை பச்சை கலந்த மஞ்சள். ஆரத்தி எடுக்கிற நேரம் மூன்றாவது லைற் அடிக்காமல் நின்றுவிட்டது. “என்ன பிள்ளை, லைற் வேலை செய்யேல்லையோ?” என்று பிள்ளையின் மாமி கேட்டபோது எனக்கு வாயே திறக்கவில்லை. அந்தத் தருணத்தைத் திரும்ப எடுக்க முடியுமா? இரண்டு கிழமை இருந்து ஒவ்வொரு படமாக நிறம் திருத்தினேன், காசில் பாதியை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு அண்ணையின் 400 வாட் லைற்றையும் என்னுடையதையும் ஒரே சொஃப்ட்பொக்ஸ், ஒரே தூரம், ஐஎஸ்ஓ 100 வைத்து வெளிச்சம் அளக்கிற மீற்றரில் பார்த்தோம். அவருடையது எஃப் 11, என்னுடையது எஃப் 8. எஃப் 11இலிருந்து 8க்கு இறங்கினால் ஒரு படி குறைவு, அதாவது சரிபாதி வெளிச்சம். அடியில் இருந்த ஸ்ரிக்கரின் ஒரு மூலை கிளம்பியிருந்தது. அண்ணை நகத்தால் மெல்ல உரித்தார். கீழே 200 என்று அச்சடித்திருந்தது.

பேப்பர் ரோலும் 1.35 மீற்றர்தான். மணப்பெண்ணைச் சேலை விரித்து முழுதாக நிறுத்தி எடுக்க 2.72 மீற்றர் ரோல் வேண்டும். கமராவோடு சேர்த்து லைற்றை அடிக்க வைக்கிற ட்ரிகர், மெமறி கார்ட், யூபிஎஸ் எல்லாம் நான்தான் தனியாக வாங்கினேன்.

விற்றவரை அழைத்துச் சொன்னேன். “பாவிச்ச சாமானை இனி என்ன செய்யிறது, தங்கச்சி?” அடுத்த நாளிலிருந்து என் நம்பரை எடுப்பதில்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்தேன். பில்லையும் ஆதாரங்களையும் வைத்து எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். உரித்த ஸ்ரிக்கரையும் ஒரு வெள்ளைத்தாளில் ஒட்டி இணைத்தேன். ஆவணி மாதக் கலியாணங்களுக்கு அண்ணையின் லைற்றுகளை நாள் வாடகைக்கு எடுக்கிறேன். யாருக்காவது ‘முழு செற்’ என்று விலை சொல்லியிருந்தால், காசு கட்ட முன்னம் அந்த விலை எழுதின தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கோ. நானும் அண்ணையும் இருந்து பார்த்துச் சொல்லுறம்.