மெத்தைத் திரைக்கான வெள்ளிப்படலப் பஞ்சு விரிப்பு: வாங்கலாமா?

வெயிலைத் தடுக்க வீட்டிலேயே ஜன்னலுக்கு மெத்தைத் திரை (இரு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைத்த திரை) தைப்பவர்களுக்காக விற்கப்படும் இந்தப் பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பின் நடுவே வெள்ளிபோல் மின்னும் மெல்லிய படலம் இருக்கிறது. அந்தப் பளபளப்பை நம்பி மட்டும் வாங்க வேண்டாம். படலம் வெப்பக் கதிரைத் திருப்ப வேண்டுமானால் அதன் முன்னால் காற்று இடைவெளி தேவை. இங்கே இருபுறமும் பஞ்சு ஒட்டிக்கிடக்கிறது. ஆகவே வேலை செய்வது பெரும்பாலும் பஞ்சின் தடிமன்தான். கண்ணாடியைப் பார்க்கும் பக்கத்துக்கு வெள்ளைத் துணி கட்டாயம். அடர்நிறம் வெயிலை உறிஞ்சிவிடும், சூடேறிய கண்ணாடி விரிசல்கூட விடலாம்.

தைப்பது சுலபம்: 90ஆம் எண் ஊசி, 3 மி.மீ. தையல் நீளம், 10 செ.மீ.க்கு ஒரு தையல் கோடு. நெருக்கித் தைத்தால் பஞ்சு நசுங்கி, உள்ளே நிற்க வேண்டிய காற்று போய்விடும். அப்புறம் அது வெறும் தடித்த துணி. பருத்தித் துணியை முதலில் நனைத்துக் காயவையுங்கள். ஜன்னலைவிட ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ. கூட்டி வெட்டுங்கள், தைக்கத் தைக்க அளவு குறையும். சூடான இஸ்திரி படலத்தைச் சுருட்டிவிடும்.

ஓரங்கள் திறந்திருந்தால் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே சூடேறிய காற்று மேல்வழியாக அறைக்குள் புகும். நாலு பக்கமும் வெல்க்ரோ ஒட்டினால்தான் பலன். அப்படியும் வெளிப்புற நிழலுக்கு இது ஈடாகாது. வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகுதானே இதில் படுகிறது!