1.3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய பென்ஸா, புது டிசையரா?

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர்தான். அங்கே கைமாறும் பழைய சொகுசுக் கார்கள் நம் ஊர்க்காரர்களுக்கு ஆசை காட்டிக்கொண்டே இருக்கின்றன. என் மைத்துனர் பார்த்துவைத்திருப்பது 2013-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் சி 220 டீசல். 1,30,000 கிலோமீட்டர் ஓடியது. கொஞ்சம் முன்னே பின்னே அதே பணத்துக்குப் புது மாருதி டிசையர் வரும்.

ஓட்டிப் பார்த்தால் ஒப்பீடே கிடையாது. பென்ஸில் 2,143 சிசி எஞ்சின், 170 குதிரைத்திறன். தொப்பூர் ஏற்றத்தில் டிசையரின் மூன்று சிலிண்டர் எஞ்சின் முனகும். பென்ஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் காரின் விலைதான் இறங்கியிருக்கிறது, உதிரிபாகங்களின் விலை இறங்கவில்லை. இந்தக் கணக்கில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். இன்ஜெக்டர், டர்போ, சஸ்பென்ஷன் புஷ், கியர்பாக்ஸ் எல்லாம் இவ்வளவு ஓடிய பிறகுதான் ஒவ்வொன்றாகச் செலவு வைக்கத் தொடங்கும். பென்ஸில் கை பழகிய மெக்கானிக்கைத் தேடிப் பெரும்பாலும் பெங்களூருக்கே போக வேண்டும். கர்நாடகப் பதிவு என்றால் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, வரி என்று அலைச்சல் வேறு. 15 ஆண்டுப் பதிவும் 2028-இல் முடிகிறது.

டிசையருக்கு 6 ஏர்பேக், குளோபல் என்கேப் விபத்துப் பாதுகாப்புச் சோதனையில் 5 நட்சத்திரம். பழுதானால் மத்தூர் போன்ற சின்ன ஊரிலும் ஆள் கிடைப்பார்.

பராமரிப்பு ரசீதுகள் முழுதாக இருந்து, விலையில் கால் பங்கைப் பழுதுச் செலவுக்கென்று தனியே எடுத்துவைக்கவும் முடிந்தால் பென்ஸை வாங்குங்கள், இல்லையென்றால் டிசையர் என்று சொல்லிவிட்டேன். அவரோ பென்ஸின் முகப்பிலுள்ள நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.