ஜிசிசியும் கிளாங்கும் ஒரே கணினியில்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

உபுண்டு 22.04 கணினியில் ஜிசிசி 9, ஜிசிசி 11, கிளாங் 14 ஆகிய மூன்று கம்பைலர்களையும் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் மென்பொருள்கள்) ஒன்றாக வைத்துக்கொண்டு சி++ வேலை பார்க்க முடியுமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். நான் நெடுநாளாக அப்படித்தான் வேலை பார்த்து வருகிறேன். நிறுவும் முறை அவருக்குத் தெரியும் என்பதால், பழகிய பின் தெரியவந்தவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஜிசிசி பதிப்புகளால் எனக்கு எந்தத் தொல்லையும் வந்ததில்லை. ஒவ்வொன்றும் தன் பதிப்பு எண்ணைப் பெயரிலேயே தாங்கி, தனி அடைவில் இருப்பதால், எண்ணைச் சேர்த்து அழைத்தால் குழப்பத்துக்கு இடமே இல்லை. எண் இல்லாத பொதுப் பெயர் எந்தப் பதிப்பைக் குறிக்கும் என்பதை அப்டேட்-ஆல்டர்னேடிவ்ஸ் என்ற கருவி கொண்டு மாற்றுவோர், சி கம்பைலரையும் சி++ கம்பைலரையும் சேர்த்தே மாறும்படி பிணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒன்று 9-இலும் மற்றது 11-இலும் நின்றுவிடும்.

நான் எதிர்பாராத நிறைவைத் தந்தது லிப்எஸ்டிடிசி++, அதாவது சி++ நிரல்கள் நம்பியிருக்கும் ஜிசிசியின் அடிப்படை லைப்ரரிதான். 2004-இல் ஜிசிசி 3.4 வெளிவந்த காலத்திலிருந்து அதன் இயக்கநேரக் கோப்பு 6 என்ற அதே எண்ணோடு தொடர்கிறது. 2015-இல் ஜிசிசி 5 ஸ்ட்ரிங், லிஸ்ட் ஆகியவற்றின் உள்ளமைப்பை மாற்றியபோதுகூட, புதியவற்றுக்கு வேறு பெயர்வெளி கொடுத்துப் பழையவற்றையும் அதே கோப்புக்குள் காப்பாற்றினார்கள். ஆகவே 9-இல் கட்டிய நிரலும் 11-இல் கட்டிய நிரலும் என் கணினியில் ஒரே லைப்ரரி கோப்பை நம்பி ஓடுகின்றன. எதிர்த்திசையில் இது செல்லாது: 11-இல் கட்டியதைப் பழைய கணினிக்குக் கொண்டுபோனால், ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ் 3.4.29 (அந்த லைப்ரரியின் உட்பதிப்புக் குறி) இல்லை என்று அது தொடங்கும்போதே நின்றுவிடக்கூடும். இத்தனை ஆண்டுகள் பழைய நிரல்களைக் கைவிடாமல் காத்த உழைப்பை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

கோபம் வருவது கிளாங் விஷயத்தில். லினக்ஸில் கிளாங், வேறு ஏற்பாடு செய்யாதவரை, சி++ ஹெட்டர்களையும் (லைப்ரரியில் இருப்பவற்றைக் கம்பைலருக்கு அறிவிக்கும் கோப்புகள்) லைப்ரரியையும் ஜிசிசியிடமிருந்தே கடன் வாங்குகிறது. பல ஜிசிசிகள் இருந்தால் எண்ணில் மிகப் பெரியதைத் தானே தேர்ந்துகொள்கிறது. வழக்கமான மேம்படுத்தல் ஒன்றின்போது, வேறொரு தொகுப்பின் தேவைக்காக ஜிசிசி 12-இன் சி பகுதி மட்டும், சி++ ஹெட்டர்கள் இல்லாமல், என் கணினிக்குள் வந்து சேர்ந்தது. முந்தைய நாள் வரை கிளாங்கில் ஒழுங்காகக் கட்டப்பட்ட நிரல், அன்றிலிருந்து ஐஓஸ்ட்ரீம் என்ற ஹெட்டர் கோப்பு கிடைக்கவில்லை என்று முதல் வரியிலேயே நின்றது. நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஜிசிசி 11 அதே நிரலைத் தடையின்றிக் கட்டியது. விவரம் கேட்கும் வி தேர்வைக் கொடுத்துக் கிளாங்கை ஓட்டியபோதுதான், கண்டெடுத்த ஜிசிசி அடைவுகளில் 11-உம் 12-உம் வரிசையாக வர, அவற்றுக்குக் கீழே தேர்ந்தெடுக்கப்பட்டது 12 என்ற வரி தெரிந்தது.

நியாயமாகச் சொன்னால், ஜிசிசி 12-க்குரிய லிப்எஸ்டிடிசி++ மேம்பாட்டுத் தொகுப்பை நிறுவியதும் சிக்கல் தீர்ந்தது. எந்த ஜிசிசி அடைவு வேண்டும் என்று நேராகச் சுட்டும் தேர்வும் கிளாங் 16-இல் வந்துவிட்டது. ஆனால் 14-இல் அது இல்லை. அதிலுள்ள பழைய தேர்வு எந்த மூல அடைவுக்குள் தேடுவது என்பதைச் சொல்லுமே தவிர, அங்கே இருக்கும் பதிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உதவாது. ‘நான் தேர்ந்த ஜிசிசி அடைவுக்குரிய சி++ ஹெட்டர்கள் இல்லை’ என்று கிளாங்கின் ஒரே ஒரு வரி பிழைச்செய்தியோடு சேர்ந்து வந்திருந்தால், ஒரு முழு மாலைப்பொழுது மிஞ்சியிருக்கும். அந்த ஒரு வரி இல்லாததை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

நிரல் கட்டும் வேலையை ஒழுங்குபடுத்தும் சிமேக் கருவியைப் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு: முதல் ஓட்டத்தில் கண்டறிந்த கம்பைலர் விவரங்களை அது பில்ட் அடைவிலேயே எழுதி வைத்துக்கொள்ளும். ஆகையால் கம்பைலரை மாற்றினால் கம்பைலருக்கொரு பில்ட் அடைவு வைத்துக்கொள்வதோ, பழையதை அழித்துவிட்டுத் தொடங்குவதோதான் சரி.

பிழைகளைச் சுட்டிக்காட்டும் தெளிவில் கிளாங்கையே நான் விரும்புகிறேன். அன்றாடம் முதலில் ஓட்டுவதும் அதைத்தான். இருந்தாலும் நண்பருக்கு என் பதில் இது: ஜிசிசி பதிப்புகளை எத்தனை வேண்டுமானாலும் அருகருகே வைத்துக்கொள்ளுங்கள், கிளாங் 14-ஐ மட்டும் ஒரு கண்டெய்னருக்குள் (மற்ற மென்பொருள்களிலிருந்து பிரித்து வைக்கும் தனிச் சூழல்), தனக்கென ஒரே ஒரு ஜிசிசியோடு வையுங்கள்.