பதினெட்டு மாதம், இரண்டு மொட்டைமாடி, வேண்டாத வெளிச்சம்

புதுச்சேரியில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில், 200 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு மொட்டைமாடிகளுக்கு நடுவே குவாண்டம் சாவிப் பகிர்வுக் கருவி ஒன்றைப் பதினெட்டு மாதமாக இயக்கி வருகிறேன். செய்தியைப் பூட்டித் திறக்கும் ரகசிய எண்வரிசைதான் சாவி; அதை ஒளித்துகள்களில் (ஃபோட்டான்) ஏற்றி அனுப்புகிறோம். 810 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர், சிலிக்கான் ஒற்றை ஃபோட்டான் உணரிகள், 1984இல் பென்னெட்டும் பிரசார்டும் வகுத்த பிபி84 முறை. வாங்க நினைப்பவர்கள் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். பின்னணி ஒளியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

வெளியிலிருந்து புகும் ஃபோட்டான் 0 காட்டும் உணரியிலும் விழலாம், 1 காட்டும் உணரியிலும் விழலாம். அதனால் அவற்றில் பாதி பிழையாகவே முடியும். ஆயிரம் நல்ல ஃபோட்டான்களோடு 282 வேண்டாதவை கலந்தாலே பிழை 11 சதவீதம். அதைத் தாண்டினால் சாவி தேறாது. யாராவது ஒட்டுக்கேட்டாலும் இதே பிழைதான் ஏறும்; ஒட்டுக்கேட்பவனா, வெயிலா என்று கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

முதல் மூன்று மாதம் இரவிலேயே பிழை ஏறியது. நிலவைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் திடீரென்று பிழை பாதியாகக் குறைந்தது. அன்றும் வானில் நல்ல நிலவு! கீழே இறங்கியபோது காவலாளி அண்ணன், "தெருவிளக்கு போய்விட்டது சார், இருட்டில் நாய் வேறு குரைக்கிறது" என்று அலுத்துக்கொண்டார். பழைய சோடியம் விளக்கு. அதன் மஞ்சள் 589 நானோமீட்டர், உணரிக்கு முன்னால் உள்ள எங்கள் ஒளி வடிகட்டியில் தடுக்கப்படும். ஆனால் சோடியம் 819இலும் வலுவாக ஒளிர்கிறது, கண்ணுக்குத் தெரியாமல். 800 முதல் 820 வரை விடும் எங்கள் வடிகட்டி அதை வரவேற்று உட்காரவைத்திருக்கிறது.

3 நானோமீட்டர் அகலம் மட்டும் விடும் வடிகட்டிக்கு மாறினோம். விளக்கு ஒழிந்தது, அக்னி நட்சத்திரம் வந்தது. டயோடு லேசரின் அலைநீளம் ஒரு டிகிரிக்குக் கால் நானோமீட்டருக்கு மேல் நகரும். ஆறு டிகிரி ஏறினால் எங்கள் ஒளியே வடிகட்டிக்கு வெளியே. வெப்பக் கட்டுப்பாடு இல்லாத லேசரோடு குறுகிய வடிகட்டி வாங்காதீர்கள். காசுக்குக் கேடு.

பகலில் இன்னொரு பாடம். அனுப்பும் கருவிக்குப் பின்னால் வானம் தெரியாமலிருக்கக் கறுப்புத் துணி கட்டினேன். வேண்டாத ஃபோட்டான்களின் எண்ணிக்கை அசையவில்லை. பல கறுப்புச் சாயங்கள் அகச்சிவப்பு ஒளியைத் தாராளமாகத் திருப்பி அனுப்பும். நம் கண்ணுக்குத்தான் அது கறுப்பு. கரித்தூள் கலந்த பெயின்ட் பூசிய பலகை வைத்ததும் அடங்கியது. வெளிறிய மேகம் நீலவானத்தைவிடத் தொல்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. பெறும் கருவி கிழக்கே, கடலைப் பார்த்து இருந்தது; இரண்டு கருவிகளையும் இடம் மாற்றி வைத்தது செலவே இல்லாத வைத்தியம்.

மிகவும் உதவியது நேரச் சன்னல். லேசர் துடிப்புகள் 100 நானோநொடிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 2 நானோநொடி மட்டும் உணரியைக் கேட்டால், வேண்டாத ஒளி ஐம்பதில் ஒரு பங்காகிறது. பெறும் கருவி பார்க்கும் பரப்பைக் குறைக்கும் ஊசித்துளையைச் சுருக்கியும் பார்த்தோம். கடற்காற்றில் கற்றை ஆட, சொந்த ஒளியும் போனது.

2021இல் இஸ்ரோ அகமதாபாத்தில் 300 மீட்டருக்கு இதே சாவிப் பகிர்வைச் செய்துகாட்டியது இரவில்தான். சீனர்கள் 2017இல் பகலில் 53 கிலோமீட்டர் கடந்தது, சூரிய ஒளி குறைவாக உள்ள 1550 நானோமீட்டரில். இனி வாங்குவதாக இருந்தால் நானும் அதையே கேட்பேன்.

வாரம் ஒருமுறை கண்ணாடியில் படியும் உப்பைத் துடைக்கிறேன். காலை ஒன்பது மணிக்கு மேல் இன்னும் மூடியைப் போட்டுவிடுகிறேன்.