ஆறு வோல்ற்றும் ஒரு சிக்னல் கையும்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் நான் நின்ற மூன்று வாரங்களில் மருமகளின் கலியாணம், கோயில், காணி அலுவல் எல்லாம் குறையின்றி நடந்தேறின. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத இருப்பது அப்பாவின் 1952ஆம் ஆண்டு போர்ட் பிரிபெக்ற் காரில், திரும்பும் பக்கத்தைக் காட்ட எழும் வலப்பக்கச் சிக்னல் கையைப் பற்றித்தான்.

அந்தக் காருக்கு ஆறு வோல்ற் மின்சாரம். ஹெட்லைற்றைப் போட்டால் குப்பி விளக்கின் வெளிச்சம் வரும். காலையில் ஸ்ராட்டர் முனகிவிட்டு அடங்கிவிடும். அப்பா முன்னால் குனிந்து ஹாண்டில் போடுவார். பெருவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்காவிட்டால் எஞ்சின் திருப்பி அடிக்கும்போது முறிந்துவிடும் என்று ஒவ்வொரு நாளும் சொல்லுவார். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது துளி பெற்றோலில் ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடியதும் இதே கார்தான். இலண்டனில் ஆறு வோல்ற் கார் பற்றரியைத் தபாலில் வரவழைக்கலாம். இங்கே கடையில் கேட்டால் மோட்டார் சைக்கிள் பற்றரியை எடுத்து நீட்டுகிறார்கள். கலியாணத்துக்குக் கார் ஓடியாக வேண்டும் என்பதால் பன்னிரண்டு வோல்ற்றுக்கு மாற்றத் துணிந்தேன்.

இதில் மந்திரம் ஏதுமில்லை. 36 வாட் பல்ப் ஆறு வோல்ற்றில் 6 அம்பியர் இழுக்கும், பன்னிரண்டில் 3 அம்பியர்தான். எழுபது வருடப் பழைய வயரில் பாதி மின்னோட்டமே போவதால் வெளிச்சம் வழியிலேயே கரைந்துபோகாது. ஸ்ராட்டர் சில நொடிகளே சுழல்வதால் அதை அப்படியே விடலாம். பல்புகள், தீப்பொறி தரும் கொயில், ஹோர்ன், டைனமோவின் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றை மாற்ற வேண்டும். பெற்றோல் மானிக்கும், கதவுத் தூணுக்குள் மடிந்து கிடந்து திருப்பத்தில் எழும் சிக்னல் கைகளுக்கும் வோல்ற்றைக் குறைத்தே கொடுக்க வேண்டும். வைப்பர் எஞ்சினின் உறிஞ்சலில் ஆடுவது, அதற்கு எந்த வோல்ற்றும் வேண்டாம். மலையேறும்போது அது சோர்ந்து நின்றுவிடும் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் மலை இல்லாததால் அப்பாவுக்கு அந்தக் குறை தெரிந்ததேயில்லை.

இவ்வளவையும் தாளில் எழுதி, குளிரூட்டிய அலுவலகமும் கணினி பில்லும் வைத்திருக்கும் ஒரு கராஜில் கொடுத்தேன். இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது. ஹெட்லைற் பால்போல் எரிந்தது. பிறகு அந்த இளைஞன் எனக்குக் காட்டுவதற்காக வலப்பக்கச் சுவிட்சைத் தட்டினான். கை சடக்கென்று எழுந்து நின்றது. அவன் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே கதவுத் தூணிலிருந்து வார்னிஷ் கருகும் நாற்றம் வந்தது, நீலப் புகை நூலாக எழுந்தது, கை பாதியில் தொங்கிவிட்டது. பன்னிரண்டு வோல்ற்றை நேரே கொடுத்திருக்கிறார்கள். என் தாள் மேசைக் கண்ணாடியின் கீழே மடிப்புக் கலையாமல் இருந்தது.

“அண்ணை, உது பழைய சாமான், எப்பவோ போயிருக்கோணும். ரெண்டு பிளிங்கர் லைற் பூட்டித் தாறன்.”

இலண்டனில் என் கராஜ்காரர் ஒரு ஆணியைக் கழற்றுவதற்கும் தொலைபேசி எடுத்துக் கேட்பார், அதற்கும் சேர்த்துப் பணம் வாங்குவார் என்று நான் பலரிடம் குறைபட்டிருக்கிறேன். அன்று அந்தத் தொலைபேசி அழைப்பை நினைத்து ஏங்கினேன்.

கொக்குவிலில் நீர்ப்பம்பி மோட்டாருக்குக் கம்பி சுற்றும் ஒரு முதியவரிடம் கையைக் கழற்றிக் கொண்டுபோனேன். அவர் கருகிய கம்பியை உதடு அசைய எண்ணியபடியே பிரித்தார், சிகரெட் மட்டையில் எண்ணிக்கையைக் குறித்தார், பிறகு நிமிர்ந்து, “தம்பி, ஆறுக்குச் சுத்துறதோ, பன்னிரண்டுக்கோ?” என்று கேட்டார். முதல் தடவையாக ஒருவர் கேட்டார்! பன்னிரண்டுக்கு என்றதும் குறுக்குவெட்டுப் பரப்பு பாதியான கம்பியை எடுத்து இரட்டிப்புச் சுற்றுகள் சுற்றினார். கருகாத இடக்கைக்கு, பழைய மின்னடுப்பின் சுருளில் ஒரு துண்டை வெட்டித் தொடரில் போடச் சொன்னார். அந்தக் கை 3 அம்பியர் இழுக்கிறது, ஆறு வோல்ற் குறைய வேண்டும், எனவே 2 ஓம். ஆயிரம் வாட் சுருள் முழுவதும் ஏறத்தாழ 53 ஓம் என்பதால் அதில் இருபத்தாறில் ஒரு பங்கு போதும் என்று மனக்கணக்கிலேயே முடித்துவிட்டார். அவர் கேட்ட கூலியை எழுத வெட்கமாக இருக்கிறது.

கலியாணத்தன்று திருநெல்வேலிச் சந்தியில் வலப்பக்கம் திரும்பச் சுவிட்சைத் தட்டினேன். கை அழகாக எழுந்து மஞ்சளாக ஒளிர்ந்தது. பின்னால் வந்த ஓட்டோக்காரருக்கு அது என்னவென்றே தெரியவில்லை. ஹோர்ன் அடித்தபடி வலப்பக்கத்தால் முந்த வந்தார். நான் ஜன்னலால் என் சொந்தக் கையை நீட்டினேன்.