எண்ணூர் முகத்துவாரமா, பழவேற்காட்டு ஏரியா?

தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ குடியிருந்துகொண்டு, கழிமுகப் பறவைகளைப் பார்க்கவும் படமெடுக்கவும் விரும்புகிறவருக்கு வடக்கே இரண்டு இடங்கள் உண்டு. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரம் ஒன்று; அதற்கும் வடக்கே, பழவேற்காட்டு ஏரியும் அது கடலோடு சேரும் வாயும் மற்றொன்று. யாரைக் கேட்டாலும் பழவேற்காட்டையே சொல்வார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிவந்தேன். பூநாரைக் (ஃபிளமிங்கோ) கூட்டத்தை ஒருமுறை கண்ணாரக் காண்பதே நோக்கம் என்றால் அந்த விடையில் பிழையில்லை. ஆனால் அக்டோபர் முதல் மார்ச் வரை விடாமல் போய்வந்து, சேற்றில் இரைதேடும் உள்ளான்களையும் நீர்மேல் பறந்து மீன்கொத்தும் ஆலாக்களையும் இனம்பிரித்துப் பழகி, அவற்றை அருகிலிருந்து படமெடுக்க நினைப்பவருக்கு எண்ணூரே மேல் என்பது என் இப்போதைய தீர்ப்பு.

பழவேற்காட்டின் பெருமை அதன் பரப்பில் இருக்கிறது. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்க, தென்கோடி மட்டும் நம் பக்கம் வருகிறது. வங்கக்கடலுக்கும் ஏரிக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீளமாகப் படுத்திருக்கிறது. இத்தனை விரிந்த நீர்ப்பரப்பின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். பூநாரைக்கு வேண்டியதும் அதுவே: கால் தரையில் ஊன்ற வேண்டும், தலைகீழாகக் கவிழ்த்த அலகால் சேற்று நீரை வடிகட்டி நுண்ணுயிர்களை உண்ண வேண்டும். மழைக்காலம் முடிந்து ஏரி வற்றத் தொடங்கும் தை, மாசி மாதங்களில் அவை கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து நிற்பதைப் பார்த்தவர் மறக்கமாட்டார்.

படமெடுப்பவருக்குத் தடையாக இருப்பதும் அந்தப் பரப்புதான். ஆழம் குறைவான நீர் வெகுதூரம் பரந்திருப்பதால் பறவைகள் கரைக்கு வரவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அவை நடு ஏரியில் நிற்கும், நாம் கரையில் நிற்போம். முதல் ஆண்டு நான் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் பூநாரை என்பது வெளிர்சிவப்புப் புள்ளியாகவே பதிவாகியிருந்தது. 600 மி.மீ. லென்ஸ் இருந்தாலும் அவ்வளவு தொலைவைக் கடக்க முடியாது. காலை ஒன்பது மணிக்குமேல் சூடேறிய நிலத்தின் மீதும் நீரின் மீதும் கானல் ஆடத் தொடங்கிவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும் இறகின் விளிம்பு கரைந்தே தெரியும். பைனாகுலரோ ஸ்பாட்டிங் ஸ்கோப்போ வைத்துப் பார்க்கிறவருக்கு இது குறையே அல்ல. கேமராவை மட்டும் நம்பிப் போகிறவர்தான் ஏமாறுவார்.

எண்ணூரில் கணக்கு தலைகீழ். இடம் குறுகலானது, ஆற்றின் வாயும் அதன் இருபுறத்து மணல்திட்டுகளும், உள்ளே தள்ளியிருக்கும் சேற்றுப் படுகைகளும்தான் மொத்தக் களம். அதில் நாள் முழுவதும் மனிதர் நடமாட்டம் இருக்கிறது. வீச்சுவலை வீசுகிறவர்கள், இடுப்பளவு நீரில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடுகிற பெண்கள், கரையேறும் படகுகள் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பழகிய பறவைகள் அவை. வலை உதறப்படும் இடத்தில் பழுப்புத்தலைக் கடற்காகங்களும் ஆலாக்களும் தாமாகவே வந்து சூழும்; சின்னக் கொக்கு மீனவரின் காலடியிலேயே காத்து நிற்கும். நாமும் தாழ்ந்து, அசையாமல் உட்கார்ந்துவிட்டால், கொசு உள்ளான்கள் சில கெஜ தூரத்தில் ஓடியாடி இரை தேடுவதைக் காணலாம். பவளக்காலி, பச்சைக்காலி, நெடுங்கால் உள்ளான், பலவகை உப்புக்கொத்திகள், மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, செம்பருந்து ஆகியவற்றை ஒரு நல்ல குளிர்காலக் காலையில் எதிர்பார்க்கலாம். பூநாரையும் இந்தப் பக்கம் வருவதுண்டு. ஆனால் அதை நம்பி நாள் குறிக்கக்கூடாது.

இரண்டு இடங்களுக்கும் நாள் பார்க்கும் முறையும் வேறு. எண்ணூருக்குப் போகிறவர் ஓதநேரம், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரம், பார்த்தாக வேண்டும். சென்னைக் கரையில் ஏற்ற இறக்க வேறுபாடு பெரிதல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களிலும் ஒரு மீட்டர் அளவில்தான் இருக்கும். அந்த ஒரு மீட்டர்தான் சேற்றுப் படுகை தெரிவதையும் மறைவதையும் முடிவு செய்கிறது. நீர் வற்றத் தொடங்கும் முதல் ஒன்றரை மணி நேரமே பொன்னான வேளை. புதிதாக வெளிப்பட்ட ஈரச்சேற்றில் புழுவும் நண்டும் தேடி உள்ளான்கள் இறங்கிவிடும். ஓதநேரம் நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், சென்ற ஞாயிறு நன்றாக அமைந்த நேரம் இந்த ஞாயிறு உதவாது. பழவேற்காட்டு ஏரியின் உட்பகுதியில் ஓதத்தின் ஆட்சி அவ்வளவாக இல்லை. மழை எவ்வளவு பெய்தது, ஆரணியாறும் காளங்கியும் எவ்வளவு நீர் கொண்டுவந்தன, முகத்துவாரம் மணல் மூடிக்கிடக்கிறதா திறந்திருக்கிறதா என்பவையே அங்கே நீர்மட்டத்தை முடிவு செய்கின்றன. சுருங்கச் சொன்னால் எண்ணூருக்கு மணி பார்த்துப் போகவேண்டும், பழவேற்காட்டுக்கு மாதம் பார்த்துப் போகவேண்டும்.

ஒளியைப் பொறுத்தவரை இரண்டுமே நல்ல இடங்கள். நிற்கும் பக்கத்தை மாற்றிக்கொள்ளத் தெரிந்திருந்தால் போதும். குளிர்காலத்தில் சூரியன் கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே விலகி உதிக்கிறது. எனவே எண்ணூரில் தென்கரையில், முகத்துவாரக் குப்பத்துப் பக்கம் நின்று வடமேற்காக ஆற்றை நோக்கினால், காலை வெயில் நம் முதுகுப்புறமிருந்து பறவையின் மீது விழும். பழவேற்காட்டில் ஊர்ப்பக்கத்துக் கரையில் காலையில் நின்றால் சூரியன் எதிரே இருக்கும்; நிழலுருவப் படங்களுக்கு அது பொருத்தம், இறகின் நிறத்துக்குப் பொருந்தாது. பாலத்தைக் கடந்து கலங்கரை விளக்கப் பக்கத்து மணல்திட்டுக்குப் போய், கடலை முதுகில் வைத்து மேற்கே ஏரியைப் பார்ப்பதே காலைக்கு உகந்தது. மாலையில் அப்படியே மாற்றிக்கொள்ளலாம். ஆலா பாய்ந்து மீன் கொத்தும் கணத்துக்கு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வேகமாவது வேண்டும். வெண்ணிறப் பறவை இருண்ட நீருக்கு முன் பறக்கும்போது வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறைத்துவைக்காவிட்டால் இறகெல்லாம் வெளுத்துப்போகும்.

போக்குவரத்தில் எண்ணூருக்குப் போட்டியே இல்லை. கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் எண்ணூரில் இறங்கிக்கொள்ளலாம். விடியுமுன் புறப்பட்டு, பத்து மணிக்கெல்லாம் வீடு திரும்பி மற்ற வேலைகளைப் பார்க்கலாம். பழவேற்காட்டுக்கு அதே ரயிலில் பொன்னேரி வரை போய், அங்கிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. பேருந்தில் செல்ல வேண்டும். சொந்த வண்டி இல்லாதவருக்கு விடியற்காலை ஒளி கைநழுவிவிடும். பாதி நாளாவது ஒதுக்கினால்தான் அங்கே போவது தகும். அப்படி ஒதுக்கியவர், 1613ஆம் ஆண்டு டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்த இடத்தையும், எலும்புக்கூடு செதுக்கிய தூண்கள் காவல் நிற்கும் டச்சுக் கல்லறையையும், கானல் ஆடும் நடுப்பகலில் பார்த்துவிட்டு வரலாம்.

எண்ணூரின் குறையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. சுற்றிலும் அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள், ஆலைகள். கழிவெளியில் சாம்பல் படிந்திருக்கிறது, குளிர்விப்பு வெந்நீர் கலக்கிறது. 2017 ஜனவரி இறுதியில் கடலில் இரு கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடும் இந்தக் கரையில் எண்ணெய் பரவியது. பின்னதில் கூழைக்கடாக்கள் கறுத்த இறகுகளோடு நின்ற காட்சியை வடசென்னையில் பலரும் நேரில் கண்டார்கள். ஆகவே இங்கே வெறுங்காலோடு சேற்றில் இறங்கக்கூடாது. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் அணிவது நல்லது, வீடு திரும்பியதும் கைகால் கழுவிய பிறகே எதையும் தொடவேண்டும். படத்தின் பின்னணியில் புகைபோக்கியும் மின்கோபுரமும் விழுவதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். நான் அவற்றைத் தவிர்க்க முயல்வதில்லை. அந்தப் புகைபோக்கியின் அடியில்தான் அந்த நாரை இரை தேடுகிறது; அதை வெட்டியெடுத்துவிட்டு வேறெங்கோ எடுத்த படம்போலக் காட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. தூய நீலப் பின்னணிதான் வேண்டும் என்பவர் தயங்காமல் பழவேற்காட்டுக்குப் போகலாம்.

பழவேற்காட்டில் படகைப் பற்றிய ஆசையை விட்டுவிடுவது நல்லது. 2011 டிசம்பர் 25 அன்று உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. மீனவர் யாரேனும் அழைத்துப்போகச் சம்மதித்தாலும், இயந்திரப் படகை நெருக்கி ஓட்டிப் பூநாரைகளை எழுப்பிப் பறக்கவிட்டு எடுக்கும் படம் பறவைக்குச் செய்யும் கேடு. நெடுந்தூர வலசைக்குச் சேர்த்துவைத்த கொழுப்பை நமக்காக அது எரிக்கவேண்டியதில்லை. ட்ரோனும் அப்படியே, சரணாலயம் ஒருபக்கம், ராக்கெட் ஏவுதளம் மறுபக்கம் இருக்கும் இடத்தில் அதைப் பையிலிருந்து எடுக்காமலிருப்பதே அறிவு. மேலும், இங்கே மீன்பிடிக்கும் இடங்கள் பாடு முறைப்படி முறைவைத்துப் பகிரப்படுபவை. தம் முறைக்காகக் காத்திருந்து ஒருவர் வலை கட்டிய இடத்தில் நாம் முக்காலியை நட்டு நிற்பது, அவர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், தவறு. கோடை நெருங்கும்போது இரு முகத்துவாரங்களிலும் மேட்டு மணலில் நடப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். உப்புக்கொத்தியும் சிற்றாலாவும் வெறும் மணலில்தான் முட்டையிடும், மிதித்த பிறகுதான் அது முட்டை என்று தெரியும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசமும் உண்டு. பழவேற்காட்டுக்குத் தெற்கே, கழிவெளியை ஒட்டிய அண்ணாமலைச்சேரியில் நீர்ப்பரப்பு ஏரியைவிடக் குறுகலானது. பிப்ரவரியில் அங்கே பூநாரைகள் வந்திருக்கும் நாளாகப் பார்த்துப் போனால், பழவேற்காட்டில் புள்ளியாகத் தெரிந்தவற்றுக்குக் கழுத்தும் காலும் தெரியும் அளவுக்காவது படம் கிடைக்கும். கடைகள் குறைவு என்பதால் குடிநீரும் காலை உணவும் கையோடு கொண்டுபோக வேண்டும். நான் இப்போதெல்லாம் பருவத்தில் ஒரேயொரு நாளை இதற்கென வைத்திருக்கிறேன். மற்ற ஞாயிறுகளில், ஓதநேரம் ஒத்துவந்தால், எண்ணூருக்கே போகிறேன்.